கோப்பு உங்களுடையது, குரூப் யாருடையது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன: டெர்மினலில் ஒரு கோப்பின் குரூப்பை, அதாவது அந்தக் கோப்பில் ஒரே அனுமதி பெறும் யூசர்களின் கூட்டத்தை, மாற்றுவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சர்வர் பராமரிப்புதான் என் அன்றாட வேலை; ஒரே கணினியில் பலர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் குரூப் விஷயத்தில் போய்தான் முடிகின்றன. ஒரு சின்ன ஏற்பாடு: கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் அணியில் எல்லோரும் ஒரே லினக்ஸ் சர்வரில் வேலை செய்கிறோம் மேடம். நான் உருவாக்கிய 'ரிப்போர்ட்' என்ற கோப்பைச் சக ஊழியர் படிக்கிறார், ஆனால் திருத்த முடியவில்லை. 'குரூப்பை மாற்றிக் கொடு' என்கிறார். எப்படி மாற்றுவது?

பதில்: மாற்றுவதற்கு முன்னால் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். எல்எஸ் -எல் ரிப்போர்ட் என்று தட்டினால் ஒரே ஒரு வரி வரும். அந்த வரியை நிதானமாகப் படிக்கப் பழகிவிட்டால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். தொடக்கத்தில் பத்து இடங்கள் இருக்கும். முதல் இடத்தில் சின்னக் கோடு இருந்தால் கோப்பு, டி இருந்தால் ஃபோல்டர். மீதி ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும்: முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குரூப்புக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். அதன் பிறகு ஓர் எண், அதைத் தாண்டி இரண்டு பெயர்கள். முதல் பெயர் உரிமையாளர், இரண்டாவது பெயர் குரூப்.

உங்கள் வரியில் இரண்டு இடத்திலும் உங்கள் யூசர் பெயரே இருக்க வாய்ப்பு அதிகம். பல லினக்ஸ் வகைகளில் யூசரைச் சேர்க்கும்போதே அவர் பெயரில் ஒரு தனிக் குரூப்பும் உருவாகிவிடும். அவர் உண்டாக்கும் கோப்புகள் அந்தக் குரூப்பில்தான் விழும். அதில் உங்களைத் தவிர யாரும் கிடையாது. ஆக உங்கள் சக ஊழியர் கடைசி மூன்று இடங்களின் கணக்கில் வருகிறார். அங்கே ஆர் மட்டும் இருக்கிறது, அதனால் படிக்கிறார், எழுத முடியவில்லை.

அணிக்கென்று 'டீம்' என்ற குரூப் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் இருவரும் அதில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தட்ட வேண்டியது: சிஹெச்ஜிஆர்பி டீம் ரிப்போர்ட். முதலில் கட்டளை, அடுத்து குரூப்பின் பெயர், கடைசியில் கோப்பின் பெயர். வேலை நடந்தால் திரையில் எதுவும் வராது. மறுபடி எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள், இரண்டாவது பெயர் டீம் என்று மாறியிருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டுத்தான் பலர் 'மாற்றினேன், ஆனாலும் வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறார்கள். குரூப்பை மாற்றுவது வேறு, அந்தக் குரூப்புக்கு என்ன அனுமதி என்பது வேறு. நடு மூன்று இடங்களில் டபிள்யூ இல்லையென்றால் சிஹெச்மாட் ஜி+டபிள்யூ ரிப்போர்ட் என்று சேர்க்க வேண்டும். அப்புறம் பாதையையும் பாருங்கள். கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்து, அந்த ஹோம் ஃபோல்டர் உங்களுக்கு மட்டுமே திறந்திருந்தால், உள்ளே இருக்கும் கோப்பில் என்ன மாற்றினாலும் அவரால் அதுவரை வந்து சேரவே முடியாது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அவருக்கு எக்ஸ் வேண்டும். நேமி -எல் என்று தட்டி முழுப் பாதையையும் கொடுத்தால் மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளர், குரூப், அனுமதி எல்லாம் வரிசையாக வந்துவிடும். எந்தப் படியில் தடுக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். இவ்வளவு உதவியான ஒரு கட்டளை இவ்வளவு குறைவான பேருக்குத் தெரிந்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. அனுமதி பார்க்கும்போது சிஸ்டத்தின் மையமான கெர்னல் மூன்று தொகுதியையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளரா? ஆம் என்றால் முதல் மூன்று இடங்களோடு விஷயம் முடிந்தது. இல்லையென்றால், குரூப்பில் இருக்கிறீர்களா? ஆம் என்றால் நடு மூன்று இடங்களே இறுதி. இரண்டும் இல்லையென்றால்தான் கடைசி மூன்று. (அனுமதியை எண்ணாகவும் எழுதலாம்: ஆருக்கு 4, டபிள்யூவுக்கு 2, எக்ஸுக்கு 1, ஒவ்வொரு மூன்றுக்கும் கூட்டினால் ஓர் இலக்கம்.) அதனால் 604 என்று அனுமதி வைத்த கோப்பை ஊரே படிக்கலாம், அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் மட்டும் படிக்க முடியாது. 'எல்லோருக்கும் திறக்கிறது, எனக்கு மட்டும் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? 777 போட்டுவிட்டால் எல்லோரும் எழுதலாமே?

பதில்: எழுதலாம். அந்த 'எல்லோரிலும்' சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் சேர்த்தி. வெப் சர்வர் தனக்கென்று ஒரு யூசரில் ஓடும், டேட்டாபேஸ் இன்னொரு யூசரில் ஓடும். அப்படிப் பிரித்து வைத்திருப்பதே ஒன்றில் ஓட்டை விழுந்தால் அது மற்றதைத் தொடக் கூடாது என்பதற்காக. 777 போட்ட கணத்தில் அந்தச் சுவரை நீங்களே இடித்துவிடுகிறீர்கள். வெப் சர்வருக்குள் நுழைந்த ஒருவர் உங்கள் ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் அதை ஓட்டும்போது அது உங்கள் அதிகாரத்தில் ஓடும். யார் யார் எழுதலாம் என்பதற்கு ஒரு பட்டியல் தேவைப்படுகிறது, அந்தப் பட்டியல்தான் குரூப். தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் சொந்தக் கோப்புதான். ஆனாலும் குரூப்பை மாற்றப் போனால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வருகிறது. உரிமையாளரான எனக்கே அனுமதி இல்லையா?

பதில்: உரிமையாளர் தன் கோப்பின் குரூப்பை மாற்றலாம், ஆனால் தான் உறுப்பினராக இருக்கும் குரூப்புக்கு மட்டும்தான். எந்தக் குரூப்புக்கு வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் ரூட்டுக்கு, அதாவது சிஸ்டத்தின் தலைமை யூசருக்கு, உண்டு.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று கேட்டால், குரூப் என்பது அதிகாரமும்கூட. பாஸ்வேர்டு ஹாஷ்கள் (பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவங்கள்) இருக்கும் கோப்பை ஷேடோ என்ற குரூப் மட்டும் படிக்கும்படி சில சிஸ்டங்களில் வைத்திருப்பார்கள். நீங்கள் ஒரு புரோகிராமை எழுதி, அதன் குரூப்பை ஷேடோ என்று மாற்றி, 'இது தன் குரூப்பின் அதிகாரத்தோடு ஓடட்டும்' என்ற செட்ஜிஐடி குறியையும் போட முடிந்தால் என்ன ஆகும்? அந்தக் கதவைத்தான் மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூடியிருக்கிறார்கள்: உறுப்பினர் அல்லாத குரூப்புக்கு மாற்ற முடியாது, நீங்கள் இல்லாத குரூப்பைச் சேர்ந்த கோப்பில் அந்தக் குறியைப் போடப் போனால், பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் குறி விழாது. இதோடு, டிஸ்க் இடத்தைக் குரூப் வாரியாகப் பங்கு பிரித்திருக்கும் சர்வர்களில் உங்கள் கோப்பை இன்னொரு குரூப்பின் கணக்கில் தள்ளிவிடுவதையும் இது தடுக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஐடி என்று மட்டும் தட்டுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் குரூப்கள் வரிசையாக வரும். டீம் அதில் இல்லையென்றால் நிர்வாகியிடம் சேர்க்கச் சொல்ல வேண்டியதுதான். 'இன்வேலிட் குரூப்' என்று வந்தால் அது வேறு கதை: அந்தப் பெயரில் குரூப்பே கிடையாது, பெரும்பாலும் எழுத்துப் பிழையாக இருக்கும்.

நீங்களே நிர்வாகியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சேர்ப்பதற்கு, ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவை முன்னால் வைத்து, சூடோ யூசர்மாட் -ஏஜி டீம் என்று தட்டி யூசர் பெயரைக் கொடுப்பார்கள். இதில் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்தச் சின்ன ஏ விட்டுப்போனால் 'இந்தக் குரூப்பையும் சேர்' என்பது 'இந்தக் குரூப் மட்டும் போதும்' என்று ஆகிவிடும். அவர் ஏற்கெனவே இருந்த கூடுதல் குரூப்களிலிருந்தெல்லாம் பெயர் போய்விடும். அதில் சூடோவைப் பயன்படுத்த அனுமதிக்கும் சூடோ குரூப்பும் இருந்து, அந்தச் சர்வரில் வேறு நிர்வாகியும் இல்லையென்றால் யோசித்துப் பாருங்கள். நான் இந்தக் கட்டளையைத் தட்டும்போது என்டர் அழுத்துவதற்கு முன் அந்த ஒரு எழுத்தை மட்டும் திரும்பப் பார்ப்பேன். ஜிபாஸ்டபிள்யூடி -ஏ என்ற கட்டளையில் இந்த ஆபத்தே இல்லை, அது சேர்க்க மட்டும்தான் செய்யும்.

கேள்வி: நிர்வாகி என்னை டீம் குரூப்பில் சேர்த்துவிட்டார். குரூப் பட்டியல் கோப்பிலும் என் பெயர் இருக்கிறது. இன்னும் மறுக்கிறது மேடம்!

பதில்: லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். உங்கள் குரூப்கள் எவை என்று லாகின் செய்யும் நேரத்தில் ஒரு முறை படித்து, உங்கள் ஷெல்லோடு (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு பட்டியலில் என்ன மாறினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குத் தெரியாது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஐடி என்று மட்டும் தட்டினால் இந்த ஷெல்லின் கையில் இப்போது இருப்பது வரும். ஐடி தட்டி உங்கள் யூசர் பெயரையும் கொடுத்தால் பட்டியலில் எழுதியிருப்பது வரும். இரண்டாவதில் டீம் இருந்து முதலாவதில் இல்லையென்றால் லாகின்தான் பாக்கி. டெஸ்க்டாப்பில் இருப்பவர்கள் டெர்மினல் ஜன்னலை மூடித் திறந்தால் போதாது, முழுதாக வெளியே வர வேண்டும். ஷெல்களைப் பின்னணியில் தொடர்ந்து ஓட வைக்கும் டிமக்ஸ் பயன்படுத்துபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: வெளியே போய் உள்ளே வந்தாலும், பழைய டிமக்ஸ் சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் இருக்கும் ஷெல்கள் பழைய குரூப்களோடுதான் இருக்கும். நல்ல அனுபவசாலிகளையே இது அரை நாள் சுற்றவிடும். அவசரத்துக்கு நியூஜிஆர்பி டீம் என்று தட்டினால் அந்தக் குரூப்போடு ஒரு புது ஷெல் கிடைக்கும். வேலை முடிந்ததும் எக்ஸிட்.

கேள்வி: சிஹெச்ஓன் இருக்கும்போது சிஹெச்ஜிஆர்பி எதற்கு?

பதில்: உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளையாலும் குரூப்பை மாற்றலாம்: சிஹெச்ஓன் :டீம் ரிப்போர்ட். முன்னால் யூசர் பெயர் இல்லாமல் முக்காற்புள்ளியோடு தொடங்கினால் குரூப் மட்டும் மாறும். யூசர், முக்காற்புள்ளி, குரூப் என்று கொடுத்தால் இரண்டும் ஒரே வீச்சில் மாறும், அதற்கு ரூட் வேண்டும். பலன் ஒன்றுதான். குரூப்பை மட்டும் மாற்றும்போது நான் சிஹெச்ஜிஆர்பி பக்கம்தான் போவேன், கை தவறினாலும் உரிமையாளர் மாறாது.

கேள்வி: ஒரு ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கில் கோப்புகள். அத்தனைக்கும் ஒரே அடியாக மாற்றுவது எப்படி?

பதில்: ஹைபனோடு பெரிய ஆர்: சிஹெச்ஜிஆர்பி -ஆர் டீம் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் ஃபோல்டரும் அதற்குள் எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனையும் மாறும். கூடவே சின்ன சி சேர்த்துக்கொண்டால் எவை உண்மையில் மாறினவோ அவற்றை மட்டும் திரையில் காட்டும். சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வரி எதிர்பார்த்த இடத்தில் திரை நிற்காமல் ஓடினால், தப்பான இடத்தில் தட்டிவிட்டோம் என்று உடனே தெரியும், கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தலாம்.

ஃபோல்டரின் பெயரைக் கொடுப்பதுதான் சரியான வழி. சிலர் ஃபோல்டருக்குள் போய் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். அது புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளை மேல் அடுக்கில் விட்டுவிடும். அதைப் பிடிக்கப் புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம்: சில ஷெல்களில் அது இரண்டு புள்ளியையும், அதாவது மேல் ஃபோல்டரையும், சேர்த்துக்கொள்ளும். பெரிய ஆரோடு இது கிளம்பினால் பக்கத்து ஃபோல்டர்களெல்லாம் மாறிவிடும். இன்னொரு விஷயம்: சாய்கோடு ஒன்றை மட்டும், அதாவது சிஸ்டத்தின் வேரையே, அழிக்கச் சொன்னால் ஆர்எம் கட்டளை தானாகவே மறுக்கும். லினக்ஸில் இருக்கும் சிஹெச்ஜிஆர்பிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. --ப்ரிசர்வ்-ரூட் என்று நாம் சேர்த்துச் சொன்னால்தான் மறுக்கும். சூடோவோடு ஓட்டும் ஸ்கிரிப்ட் எதிலாவது இந்தக் கட்டளை இருந்தால் அதைச் சேர்த்துவிடுங்கள். ஃபோல்டர் பெயர் வர வேண்டிய மாறி ஏதோ காரணத்தால் காலியாகி, வெறும் சாய்கோடு மட்டும் மிஞ்சும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

புரோகிராம் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் என்றால் ஒரு பக்கவிளைவையும் தெரிந்துகொள்ளுங்கள். இயக்கக்கூடிய ஒரு கோப்பின் குரூப்பை மாற்றினால் அதில் இருந்த செட்யூஐடி (உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓட வைக்கும் குறி), செட்ஜிஐடி குறிகள் அழிந்துவிடும். லினக்ஸில் ரூட் மாற்றினாலும் அப்படித்தான். இது பாதுகாப்புக்காகவே வைத்த ஏற்பாடு. செட்யூஐடி என்ற யோசனை லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியுடையது, அதற்கு 1979-ல் அமெரிக்கக் காப்புரிமைகூடக் கிடைத்தது. அவ்வளவு வலுவான ஒரு குறி, குரூப் கைமாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தேவையென்றால் யோசித்து நீங்களே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொது ஃபோல்டரில் தினமும் மாலையில் -ஆர் போட்டு எல்லாவற்றையும் டீம் என்று மாற்றுகிறேன். மறுநாள் காலையில் புதுக் கோப்புகள் மறுபடி அவரவர் குரூப்பில் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இந்தக் கட்டளையை ஓட்டும்படி கிரானில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் ஒதுக்கினேன் என்றே சொல்லலாம். சிஹெச்ஜிஆர்பி என்பது ஒரு முறை செய்யும் வேலை. அதை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு கோப்புகளில் இல்லை, ஃபோல்டரில் இருக்கிறது. கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலத்தான் கிரான் வழி.

ஃபோல்டருக்குச் செட்ஜிஐடி குறி போடுங்கள். முதலில் ஃபோல்டரின் குரூப்பை டீம் என்று மாற்றுங்கள், பிறகு சிஹெச்மாட் ஜி+எஸ் ப்ராஜெக்ட். இப்போது எல்எஸ் -எல்டி ப்ராஜெக்ட் என்று பார்த்தால் நடு மூன்று இடங்களில் எக்ஸ் இருந்த இடத்தில் எஸ் நிற்கும். பெரிய எஸ்ஸாக நின்றால் அடியில் எக்ஸ் இல்லை என்று பொருள், அதையும் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன அதே குறிதான், ஆனால் ஃபோல்டரில் அதன் வேலை வேறு: அதற்குள் யார் புதிதாகக் கோப்பு உண்டாக்கினாலும் அது ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். உள்ளே உண்டாகும் புது ஃபோல்டருக்கும் அதே குறி தானாக விழும், அதனால் இது கீழே கீழே தொடர்ந்து போகும். மேக் வைத்திருப்பவர்கள் இதற்குக் கவலைப்படவே வேண்டாம். யுனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டி வழியில் வந்த சிஸ்டங்களில் புதுக் கோப்பு எப்போதுமே ஃபோல்டரின் குரூப்பைத்தான் எடுக்கும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு இந்தக் குறி தானாக வராது. ஒரே ஒரு முறை இப்படித் தட்டுங்கள்: ஃபைண்ட் ப்ராஜெக்ட் -டைப் டி -எக்ஸெக் சிஹெச்மாட் ஜி+எஸ் {} +. டி என்பது ஃபோல்டர்களை மட்டும் பிடிக்க. கோப்புகளில் இந்தக் குறி விழக் கூடாது, அதனால்தான் சிஹெச்மாட்டில் பெரிய ஆர் போடாமல் ஃபைண்ட் வழியாகப் போகிறோம்.

குரூப் சரியாகிவிட்டது. ஆனால் புதுக் கோப்பில் குரூப்புக்கு டபிள்யூ இருக்கிறதா? அதைத் தீர்மானிப்பது யூமாஸ்க். யூமாஸ்க் என்று தட்டினால் 0022 என்று வரலாம். அதில் முதலில் வரும் 2 என்பது 'குரூப்பின் எழுதும் அனுமதியை எடுத்துவிடு' என்று அர்த்தம். 002 என்று மாற்றினால் குரூப்புக்கு எழுதும் அனுமதி நிற்கும், மற்றவர்களுக்கு மட்டும் நீங்கிவிடும். அணியில் ஒவ்வொருவரும் தன் ப்ரொஃபைல் கோப்பில் யூமாஸ்க் 002 என்று சேர்க்க வேண்டும். யூசர் ஒவ்வொருவருக்கும் தனிக் குரூப் வைக்கும் வழக்கம் வந்ததே இதற்கு வசதியாகத்தான்: அவருடைய சொந்தக் கோப்புகள் அவர் மட்டுமே இருக்கும் குரூப்பில் இருப்பதால் 002 வைத்தாலும் ஒரு கெடுதலும் இல்லை.

எல்லோரையும் மாற்ற வைக்க முடியாது, யாராவது ஒருவர் மறந்துவிடுவார். அப்படிப்பட்ட அணிக்கு டிஃபால்ட் ஏசிஎல் (புதிதாக வருபவற்றில் யாருக்கு என்ன அனுமதி என்று ஃபோல்டரிலேயே எழுதி வைக்கும் பட்டியல்) இருக்கிறது: செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:டீம்:ஆர்டபிள்யூஎக்ஸ் ப்ராஜெக்ட், இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. ஃபோல்டரில் டிஃபால்ட் ஏசிஎல் இருந்தால் அதற்குள் உண்டாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் பார்க்கப்படாது. இதுவும் புதிதாக வருபவற்றுக்குத்தான், இருக்கும் கோப்புகளைத் தொடாது.

இவ்வளவும் செய்த பிறகும் சில கோப்புகள் மட்டும் வேறு குரூப்பில் இருந்தால், அவை அங்கே எப்படி வந்தன என்று விசாரியுங்கள். எம்வி போட்டு நகர்த்திய கோப்பு ஒரே டிஸ்க் பகுதிக்குள் நகர்ந்தால் அதே பழைய கோப்புதான், பெயரும் இடமும் மட்டும் மாறின. பழைய குரூப்பும் கூடவே வரும். சிபி போட்டுப் பிரதி எடுத்தால் புதுக் கோப்பு பிறக்கிறது, அதனால் ஃபோல்டரின் குரூப்பை எடுக்கும். அதே சிபியில் -பி அல்லது -ஏ சேர்த்தால் பழைய குரூப்பைக் காப்பாற்றப் பார்க்கும். பிரதியெடுக்கும் இன்னொரு கட்டளையான ஆர்சிங்க் -ஏ போட்டாலும் அப்படியே. பொது ஃபோல்டருக்குள் கொண்டுவரும்போது எம்வியை விட்டுவிட்டு வெறும் சிபி போடுங்கள் என்று நான் வேலை செய்யும் அணிகளில் சொல்லிவைத்திருக்கிறேன்.

கேள்வி: எல்எஸ் -எல் போட்டால் குரூப் பெயர் வர வேண்டிய இடத்தில் 1007 என்று எண் வருகிறது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். கோப்போடு டிஸ்க்கில் பதிவாகியிருப்பது எப்போதுமே எண்தான். எல்எஸ் கட்டளை அந்த எண்ணைக் குரூப் பட்டியலில் தேடிப் பெயராக்கிக் காட்டுகிறது. 1007 என்ற எண்ணுக்கு உங்கள் கணினியில் பெயர் இல்லை, அவ்வளவுதான். யாரோ அந்தக் குரூப்பை நீக்கியிருக்கலாம், அல்லது வேறு கணினியில் பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய டார் கோப்பை ரூட்டாக இருந்து பிரித்திருக்கலாம்.

இதைச் சும்மா விட்டுவைக்காதீர்கள். நாளைக்குப் புதிதாக ஒரு குரூப் உருவாக்கும்போது 1007 அதற்குப் போய்ச் சேர்ந்தால், இந்தப் பழைய கோப்புகள் அத்தனையும் அந்தப் புதியவர்களுக்குச் சொந்தமாகிவிடும். ஃபைண்ட் கட்டளையில் -நோகுரூப் என்று கொடுத்தால் இப்படி அநாதையாக நிற்கும் கோப்புகளை எல்லாம் காட்டும். எவை எந்தக் குரூப்புக்குப் போக வேண்டும் என்று பார்த்துவிட்டு, -ஜிஐடி 1007 என்று தேடி -எக்ஸெக் வழியாகச் சிஹெச்ஜிஆர்பியைச் சேர்த்து ஓட்டுங்கள். குரூப்மாட் வைத்துக் குரூப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரு கோப்பையும் தொட வேண்டாம். எண்ணை மாற்றினால்தான் கோப்புகள் பின்தங்கிவிடும், அவற்றை நாம்தான் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும்.

கேள்வி: பென் டிரைவில் இருக்கும் கோப்புக்கு ரூட்டாக இருந்து மாற்றினாலும் மறுக்கிறது.

பதில்: அந்த டிரைவ் கோப்புகளைப் பதிந்து வைக்கும் முறை ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் வகையாக இருக்கும். அவற்றில் உரிமையாளர், குரூப் எதையும் எழுதி வைக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது, அதாவது டிரைவைச் சிஸ்டத்தோடு இணைக்கும்போது, ஜிஐடி= என்ற விருப்பத்தில் குரூப்பைச் சொன்னால் டிரைவ் முழுவதும் அந்தக் குரூப்பாகத் தெரியும்.

கேள்வி: யூஎஸ்பி சீரியல் கேபிளின் டிவைஸ் கோப்புக்குக் குரூப் மாற்றுகிறேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை. செருகும்போது பிறக்கும், பிடுங்கும்போது போய்விடும். ஒவ்வொரு முறையும் டிவைஸ் கோப்புகளைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் தன் விதிப்படி குரூப்பைப் போடும். மாற்ற வேண்டியது கோப்பை அல்ல, உங்களை: எல்எஸ் -எல் காட்டும் குரூப்பில் உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் அது பெரும்பாலும் டயல்அவுட். சேர்த்த பிறகு லாக்அவுட்டை மறக்காதீர்கள்.

கேள்வி: ஐடி போட்டால் டீம் குரூப் காட்டுகிறது, புதிதாக லாகினும் செய்துவிட்டேன். உள்ளூர் டிஸ்க்கில் வேலை செய்கிறது, நெட்வொர்க்கில் வேறொரு சர்வரிலிருந்து என்எஃப்எஸ் வழியாக வரும் ஃபோல்டரில் மட்டும் மறுக்கிறது. எனக்கு நிறைய குரூப்கள் உண்டு.

பதில்: கடைசி வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட்டீர்கள். என்எஃப்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆத்-சிஸ் முறையில், ஒவ்வொரு கோரிக்கையோடும் உங்கள் கூடுதல் குரூப்களில் 16 மட்டுமே போகும். அதற்கு மேல் இருப்பவை சர்வருக்குத் தெரியாது. லினக்ஸ் தன்னளவில் ஒருவருக்கு 65536 குரூப் வரை அனுமதிக்கிறது, அதனால்தான் உள்ளூரில் எல்லாம் சரியாக நடக்கிறது. தேவையில்லாத குரூப்களிலிருந்து விலகுவது ஒரு வழி. இல்லையென்றால், என்எஃப்எஸ் சர்வரின் நிர்வாகியிடம் மவுண்ட்டி சேவையை --மேனேஜ்-ஜிஐடிஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் அனுப்பும் பட்டியலை விட்டுவிட்டுச் சர்வர் தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். சர்வரிலும் நீங்கள் அந்தக் குரூப்களில் இருக்க வேண்டும்.

கேள்வி: அணியிலிருந்து ஒருவர் விலகுகிறார். குரூப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

பதில்: ஜிபாஸ்டபிள்யூடி -டி என்று தட்டி, அவருடைய யூசர் பெயரையும் டீம் என்பதையும் கொடுத்தால் பெயர் போய்விடும். ஆனால் மேலே சொன்ன அதே லாகின் விஷயம் இங்கே தலைகீழாக வரும்: அவர் திறந்து வைத்திருக்கும் ஷெல்கள், பின்னணியில் ஓடவிட்ட வேலைகள் எல்லாம் பழைய குரூப்போடு தொடர்ந்து ஓடும். பிஎஸ் -யூ என்று தட்டி அவர் பெயரைக் கொடுத்தால் என்ன ஓடுகிறது என்று தெரியும். அவரிடம் சொல்லிவிட்டு அவற்றை நிறுத்துங்கள்.

அவர் உண்டாக்கிய கோப்புகளின் குரூப் டீம் என்று இருந்தாலும், உரிமையாளர் இன்னும் அவர்தான். உரிமையாளர் என்ற முறையில் அவர் அந்தக் கோப்புகளின் அனுமதியை மாற்றலாம், தன் சொந்தக் குரூப்புக்கே திரும்ப மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அவரால் அந்த ஃபோல்டர் வரை வர முடிந்தால் இது நடக்கும். ஆகவே ஃபைண்ட் ப்ராஜெக்ட் -யூசர் என்று அவர் பெயரைக் கொடுத்து ஒரு பட்டியல் எடுங்கள். அணியில் எந்தக் கோப்பை யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்று பேசி முடிவு செய்து, ரூட்டாக இருந்து சிஹெச்ஓன் போட்டு உரிமையாளரை மாற்றிவிடுங்கள். அவருடைய கணக்கை நீக்குவதாக இருந்தால் இதை முதலில் முடித்துவிட்டு, கணக்கை அதற்குப் பிறகு நீக்குங்கள். கணக்கு போய்விட்டால் உரிமையாளர் இடத்தில் வெறும் எண்தான் நிற்கும், எது யாருடையது என்று ஞாபகத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.